கிறிஸ்துமஸ் மரம் வாடாமல் நிற்க: வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் மரம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கொங்குப் பக்கத்தில் பச்சை மரம் என்றால் ஒன்று தோட்டத்தில் வெட்டிய சவுக்கு, இல்லையென்றால் நர்சரித் தொட்டியில் வரும் அரக்கேரியா. இரண்டையும் ஒரே மாதிரி கவனித்தால் இரண்டும் கெடும். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: வருஷா வருஷம் சவுக்கு வாங்கி மணல் வாளியில நட்டு வெச்சு, தினமும் தண்ணியும் ஊத்தறோமுங்க. ஆனா 24-ம் தேதி ராத்திரிப் பூசைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நுனியெல்லாம் தொங்கிப் பழுப்பாயிடுது. எங்க தப்பு பண்றோமுங்க?
– வாசகி, கருமத்தம்பட்டி

பதில்: நீங்கள் ஊற்றும் தண்ணீர் மரத்துக்குள் ஏறவில்லை, அதுதான் காரணம். வெட்டிய சவுக்கை, டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கிற கறிவேப்பிலைக் கொத்தாக நினைத்துக்கொள்ளுங்கள். வேர் கிடையாது. அடியில் வெட்டிய வாய் ஒன்றுதான் தண்ணீருக்கு வழி.

அந்த வாயைப் பாருங்கள். தோட்டத்தில் பெரும்பாலும் கொடுவாளால் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். வெட்டு விழுந்த இடத்தில் நார் நசுங்கி, ஓரத்தில் பட்டை பிய்ந்து தொங்கும். அதன் பிறகு சந்தையில் நாலைந்து மணி நேரம் வெயிலில் கிடந்தால் தண்ணீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து எத்தனை குடம் ஊற்றினாலும் அந்த அடைப்பைத் தாண்டி ஏறாது.

அதனால் மரம் வீட்டுக்கு வந்ததும், ஜோடிக்கிறதற்கு முன்பு, அடியில் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் அறுத்து எடுங்கள். கைரம்பத்தால், குறுக்காக, நேராக அறுக்க வேண்டும். சாய்த்து அறுத்தால் அதிகம் குடிக்கும் என்பது தவறான எண்ணம். மரம் வாளியில் நிற்காமல் ஆடத்தான் செய்யும். அறுத்த முகம் வெளிறி, ஈரம் மினுங்க வேண்டும். சாம்பல் நிறத்தில் வறண்டு தெரிந்தால் இன்னும் ஒரு இஞ்சு அறுங்கள். அறுத்த அரை மணிக்குள் அடி தண்ணீரில் இருக்க வேண்டும். வாளிக்குள் நுழையவில்லை என்று அடிமரத்தைச் சீவி ஒல்லியாக்காதீர்கள். தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளி வளையத்தில்தான், நீங்கள் சீவி எறிவது அதைத்தான். நடுவில் துளை போடுவதாலும் பயன் இல்லை.

அடுத்தது மணல். மரத்தை நிறுத்த மணல் நல்லதுதான், ஆனால் வெட்டுவாயில் சேறு அப்பும், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றும் தெரியாது. மேலே ஈரமாகத் தெரிய, அடி காய்ந்து கிடக்கும். மணலுக்குப் பதில் முக்கால் இஞ்சு ஜல்லி போடுங்கள். ஓட்டை இல்லாத 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று, தூசி போக இரண்டு மூன்று முறை அலசிய ஜல்லி முக்கால் வாளி, கூடவே ஒன்றரை அடி நீளத்தில் அரை இஞ்சு பிவிசி பைப் துண்டு. மரத்தை நடுவில் நிறுத்தி, பைப்பை அதன் பக்கத்தில் அடிவரை செருகி, சுற்றிலும் ஜல்லியைக் கொட்டிக் குத்திவிடுங்கள். ஜல்லி மட்டுமே 20 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் 6 அடி மரம் அசையாது. இடுக்குகளில் சுமார் 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். காய்ந்த விளக்குமாற்றுக் குச்சியைப் பைப்புக்குள் விட்டு எடுத்தால் எவ்வளவு நனைந்திருக்கிறதோ அதுதான் தண்ணீர் மட்டம்.

அடிமரத்தின் குறுக்களவில் ஒவ்வொரு இஞ்சுக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் எப்போதும் வாளியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 2 இஞ்சு அடிமரத்துக்கு 2 லிட்டர். முதல் நாளில் அதிகம் குடிக்கும், காலையும் மாலையும் குச்சி விட்டுப் பாருங்கள். மட்டம் ஒரே ஒரு முறை வெட்டுவாய்க்குக் கீழே இறங்கினாலும் மறுபடி காற்று புகுந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அறுக்க வேண்டும். ஜோடித்து முடித்த மரத்தை யார் கலைப்பார்கள்?

சர்க்கரை, ஆஸ்பிரின், குளுக்கோஸ் எதுவும் வேண்டாம். சர்க்கரை போட்டால் தண்ணீர் வழவழத்து நாறும். பச்சைத் தண்ணீர் போதும். வாளியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும், திறந்த வாளி அதற்கு வசதியான இடம்.

ஃபேனுக்கு நேர் கீழேயும் மேற்குச் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். காற்று அடிக்க அடிக்க தழை தண்ணீரை இழக்கும். இத்தனையும் செய்தால் சவுக்கு ஒரு வாரம் பச்சையாக நிற்கும், கவனம் கூடினால் பத்து நாள் வரை. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆகவே டிசம்பர் முதல் வாரமே வாங்கி வைக்காமல் 20, 21 தேதிகளில் வாங்குங்கள்.

கேள்வி: சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் சவுக்கில் புதுசு எது, பழசு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: சவுக்கின் ‘ஊசி’யைக் கையில் எடுத்துக் கூர்ந்து பாருங்கள். அது இலை அல்ல, பச்சையான மெல்லிய குச்சி. நெடுகிலும் கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகப் பல் வைத்தது போலச் சின்னஞ்சிறு செதில்கள் தெரியும், உண்மையான இலை அவைதான். கணுவுக்கு இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். புது மரமென்றால் கொஞ்சம் இழுபட்டு, ஈரத்தோடு பிரியும். பழைய மரத்தில் டக்கென்று காய்ந்த ஓசையோடு ஒடியும்.

அடுத்து ஒரு கிளையை உள்ளங்கைக்குள் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள். நாலைந்து பழுப்பு ஊசி கையோடு வந்தால் கவலை இல்லை, உட்பக்கத்து முதிர்ந்த தழை இயல்பாகவே உதிரும். பச்சை ஊசியே கைநிறைய வந்தால் வேண்டாம். தலைக்கொழுந்து தொங்கியிருந்தாலும் வேண்டாம். நுனியில் செம்பழுப்பாகத் தடித்த ஆண் பூங்கொத்து இருக்கும் மரத்தைத் தவிருங்கள். அதிலிருந்து கொட்டும் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும். ஒரு வயதுக்கு உட்பட்ட கன்றுகளில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

உயரத்தைக் கூரையிலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். 10 அடிக் கூரை என்றால் நட்சத்திரத்துக்கும் வாளிக்கும் போக 7 அடி மரம் போதும். எடுத்துவரும்போது ஈரச்சாக்கில் சுற்றி, அடிப்பக்கம் வண்டியின் முன்னால் இருக்கும்படி கட்டுங்கள். மாற்றிக் கட்டினால் எதிர்க்காற்று தழையைப் பிரித்து உலர்த்திவிடும். வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வாசலில் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறினால் கட்டெறும்பும் சருகும் வெளியிலேயே போய்விடும்.

கேள்வி: ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பைன், சைப்ரஸ் மரம் நிறைய நிற்கிறதே. வரும் வழியில் ஒரு கிளை வெட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: கூடாது. நீலகிரியில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சாலையோர மரமும் காட்டு மரமும் எடுக்கவே கூடாதவை. மலை நர்சரியில் விற்கும் சைப்ரஸ் தொட்டிச் செடியை வாங்கலாம், ஆனால் சமவெளிக்கு வந்தால் சித்திரை வெயிலில் பெரும்பாலும் கருகிவிடும். அந்தக் கூம்பு வடிவம்தான் வேண்டும் என்றால் துஜா வாங்குங்கள். நம்மூர் வெயிலைத் தாங்கும்.

கேள்வி: போன வருடம் நர்சரியில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று அடுக்கடுக்காகக் கிளை விட்ட தொட்டிச் செடி வாங்கினேன். இப்போது 4 அடி இருக்கிறது. கீழ் அடுக்குக் கிளைகள் நுனியிலிருந்து பழுப்பாகிக் கொட்டுகின்றன. உச்சியை வெட்டினால் பக்கத்தில் அடர்த்தியாகும் என்கிறார்கள். வெட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: உச்சியில் கை வைக்காதீர்கள். இது அரக்கேரியா. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையில் இருக்கும் நார்ஃபோக் தீவுதான் இதன் சொந்த மண். உச்சிக் கொழுந்து ஒன்றுதான் நேராக மேலே போய் அடுக்கு வைக்கும். அதை வெட்டினால் அந்தச் சீரான கூம்பு திரும்ப வராது. பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்டாலும் அது வேர்விட்டுப் படுக்கைவாட்டிலேயே வளருமே தவிர, நிமிராது. செடி வாங்கும்போது உச்சி ஒடியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உதிர்ந்த கீழ் அடுக்கும் மறுபடி முளைக்காது. இனி உதிராமல் காப்பதுதான் வழி. கிளை பழுக்க நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது வெளிச்சக் குறைவு. பண்டிகைக்கு ஹாலின் மூலையில் வைத்த செடியை அங்கேயே விட்டுவிடுவோம். இதற்குக் காலை வெயிலோ, சன்னலோரத்தின் நல்ல வெளிச்சமோ நாளெல்லாம் வேண்டும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள், இல்லையென்றால் ஒரே பக்கம் சாயும்.

இரண்டாவது தண்ணீர். விரலை இரண்டு இஞ்சு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித் துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினம் ஒரு டம்ளர் என்று ஊற்றினால் மேல்மண் சொதசொதக்கும், அடிவேர் காயும்.

மூன்றாவது உப்பு. ஈரோடு, திருப்பூர், தாராபுரம் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா, பாருங்கள். இருந்தால் ஊசி நுனி கருகுவதற்கு அதுவே போதும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றலாம். கிடைக்காவிட்டால் மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, உப்பைக் கழுவி அடிவழியே வடித்துவிடுங்கள்.

நான்காவது மாவுப்பூச்சி. கிளைக் கக்கத்தில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு காதி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் வாரம் ஒரு முறை மூன்று வாரம் தெளியுங்கள்.

நர்சரியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பையில் சில சமயம் வெறும் களிமண்தான் இருக்கும். வேர் சுருண்டு கிடந்தால் தை மாதத்தில் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் 2 பங்கு, ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் 1 பங்கு, அலசிய தென்னைநார்க் கழிவு 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் போடாதீர்கள்.

ஜோடிக்கும்போது கனமான கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிடாதீர்கள். இளம் கிளை வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். காகித நட்சத்திரமும் மெல்லிய எல்.இ.டி. சரமும் போதும். பண்டிகை முடிந்ததும் நேரே மொட்டைமாடி வெயிலுக்கு ஏற்றாமல், ஒரு வாரம் நிழலிலும் அடுத்த வாரம் காலை வெயிலிலும் வைத்துப் பழக்குங்கள். தரையில் நட நினைத்தால் வீட்டுச் சுவரிலிருந்து 20 அடி தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடம் பாருங்கள். தொட்டியில் அடக்கமாகத் தெரியும் இந்தச் செடி தரையில் தென்னையையும் மிஞ்சும் மரம்.

கேள்வி: செம்மண் பூமி 50 சென்ட் இருக்குதுங்க, சொட்டுநீரும் போட்டிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கென்றே சவுக்கு வளர்த்து விற்க முடியுமுங்களா?
– விவசாயி, தாராபுரம் வட்டம்

பதில்: முடியும். ஆனால் கம்புக்கும் காகிதக் கூழுக்கும் வளர்ப்பது போல இதை வளர்க்கக் கூடாது. அதற்கு நெருக்கி நட்டு, மரத்தை நெடுக ஓடவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது தரையிலிருந்தே அடர்ந்த கூம்பு.

5 அடிக்கு 5 அடி நட்டால் 50 சென்ட்டில் 870 கன்று வரும். வண்டித்தடம் விட்டு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் சவுக்கில் நல்ல வேலை செய்திருக்கின்றன, ஆலோசனைக்கு அவர்களை அணுகுங்கள். ஆனால் குளோன் கன்றுகள் நேராக, வேகமாக உயர்வதற்காகத் தேர்ந்தவை. மர வியாபாரத்துக்கு அது லாபம், உங்களுக்கு ஆகாது. விதைக் கன்றில் பக்கக்கிளை நிறைந்ததைப் பொறுக்கி எடுங்கள். கன்றின் வேரில் பவழம் போலக் கொத்தாக முடிச்சு இருக்கிறதா என்று பையைக் கிழித்துப் பாருங்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அந்த முடிச்சில்தான் குடியிருக்கிறது. அது இருந்தால் யூரியா செலவு மிச்சம். யூரியா அதிகம் போட்ட மரம் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் தளிர் நீர்த்துப்போய் வெட்டிய மறுநாளே தொங்கும்.

கார்த்திகை, மார்கழியில் நட்டால் பாசனத்தோடு அடுத்த டிசம்பருக்கு விற்பனை உயரத்தைத் தாண்டிவிடும். மரம் 3 அடி வந்ததும் கத்தரிக்கத் தொடங்குங்கள். வேலி கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலால் கீழே அகலம், மேலே குறுகல் என்று கூம்பாகச் செதுக்க வேண்டும். சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, கடைசியாகப் புரட்டாசியில். அக்டோபர் பாதிக்கு மேல் கத்தரித்தால் வெட்டிய காயம் தெரியும், மூடுவதற்குள் டிசம்பர் வந்துவிடும். உச்சியில் இரண்டு கொழுந்து போட்டியிட்டால் ஒன்றை எடுத்துவிடுங்கள், நட்சத்திரம் குத்த ஒற்றை உச்சி வேண்டும்.

தண்ணீர் தேங்கவிட வேண்டாம். அடிமரப் பட்டையில் கொப்புளம் எழும்பி, வெடித்து, உள்ளே கரும்பொடி தெரிந்தால் அது கொப்புள நோய். மருந்து தேடி நாளைக் கடத்தாமல் மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, சுற்றிலும் பள்ளம் வெட்டிப் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து பிரித்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முந்தைய நாள் நன்றாகப் பாசனம் கொடுத்து, விடியற்காலையில் ரம்பத்தால் அறுத்து, உடனே தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். கொடுவாளை எடுக்காதீர்கள். இந்த ஒன்றுக்காகவே உங்கள் மரத்துக்கு அடுத்த வருடமும் ஆள் வரும். தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் நவம்பரிலேயே கேட்டு, ஆர்டருக்குத் தக்கபடி வெட்டுங்கள். விற்காததை வெட்டிக் குவிக்காமல் நிற்கவிட்டால் சில வருடங்களில் கம்பாகவோ, கரூர் மாவட்டம் காகிதபுரத்து ஆலைக்குக் கூழ்மரமாகவோ போகும்.

கேள்வி: டிசம்பரில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பேன். அவர்கள் பண்ணையிலிருந்து ஃபர் மரம் வாங்குகிறார்கள். மரத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாம். என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: அடிப்படை சவுக்குக்குச் சொன்னதுதான்: அடியில் புது வெட்டு, ஒரு இஞ்சுக்கு ஒரு லிட்டர், மட்டம் இறங்கக் கூடாது. அங்கே வெட்டுவாயில் பிசினும் கசிந்து அடைக்கும், அதனால் பண்ணையிலேயே அறுத்துத் தந்தாலும் 6 மணி நேரம் கடந்துவிட்டால் வீட்டில் மறுபடி அறுக்கச் சொல்லுங்கள். முதல் 24 மணி நேரத்தில் 4 லிட்டர்வரை குடிப்பது சாதாரணம், பயப்படாதீர்கள். வலைபோட்டுச் சுருட்டித் தந்த மரத்தை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் வலையை வெட்ட வேண்டும். கிளை தானாக இறங்க ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் ஜோடிக்கலாம்.

ஃப்ரேசர் ஃபர் ஊசியை நன்றாகப் பிடித்து வைக்கும் இனம், தண்ணீர் வற்றாமல் இருந்தால் நான்கு வாரம் நிற்கும். வீட்டைச் சூடாக்கும் காற்று வரும் துவாரத்துக்கும் கணப்புக்கும் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். ஆளுயர மரம் ஒன்று பண்ணையில் ஏழெட்டு வருடம் வளர்ந்து வருகிறது, அந்த ஒரு மாதம் அதற்கு நல்ல தண்ணீர் கொடுக்கலாம்.

கேள்வி: பனி போலத் தெரிய மில் கழிவுப் பஞ்சைப் பிய்த்து மரம் முழுக்க ஒட்டுகிறோம். சீரியல் பல்பும் போடுகிறோம். ஆபத்து ஏதும் உண்டா?
– வாசகர், சோமனூர்

பதில்: உண்டு. பிரித்த பஞ்சில் தீப்பொறி பட்டால் மரத்தின் உச்சிவரை ஏற நொடிகள் போதும், பஞ்சாலை ஊரில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. இந்த வருடம் பஞ்சை விட்டுவிடுங்கள். வாசலில் வைத்து, நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சியைக் கிளை நுனிகளில் லேசாகத் தெளித்து, ஈரம் இருக்கும்போதே கல் கோலப்பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவுங்கள். காய்ந்ததும் ஒட்டி நிற்கும், எரியாது. அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும்.

பல்பு விஷயத்தில், சூடாகும் பழைய அரிசிபல்பு சரத்தை ஒதுக்கிவிட்டு எல்.இ.டி. வாங்குங்கள். அதிலும் பிளக்கிலிருந்து நேரே மெல்லிய ஒயர் ஓடும் மலிவு சரம் வேண்டாம். அதில் வீட்டு மின்சாரம் முழுதாக ஓடுகிறது, கீழேயோ தண்ணீர் வாளி. அடாப்டரோடு வரும் 5 அல்லது 12 வோல்ட் சரமே பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். மெழுகுவர்த்தியைக் குடிலுக்கு முன்னால் ஏற்றினாலும் மரத்தை விட்டு மூன்றடி தள்ளி வையுங்கள். பூசைக்குக் கிளம்பும்போதும் படுக்கும்போதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பண்டிகை முடிந்ததும் சவுக்கை என்ன செய்வது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஜிகினா, நூல், கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, தழையைக் கழித்துத் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். சவுக்குத் தழை மெதுவாகத்தான் மக்கும், அதனால் ஈரம் காக்க நல்லது. நாற்றங்காலிலும் கீரைப் பாத்தியிலும் மட்டும் போடாதீர்கள், முளைப்பு தடைப்படும். நடுத்தண்டு அவரைப் பந்தலுக்கோ தக்காளிக்கோ முட்டுக்கம்பாகும். மண்ணுக்குள் போகும் ஒரு அடியை லேசாகத் தீயில் வாட்டி ஊன்றினால் கரையான் சீக்கிரம் ஏறாது. ஜல்லியை அலசிக் காயவைத்து, பைப்போடு அதே வாளியில் போட்டு மூடி வையுங்கள், அடுத்த டிசம்பருக்கு ஆகும்.